பதினாலு அட்டை முட்டை

நான் ஓய்வு பெற்றபோது சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் விட்டுவந்த கோப்புகளில் ஒன்றில், ‘மக்கள்தொகைக்கான ஆதாரம்’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘உணவு விநியோக அடிப்படையிலான மதிப்பீடு’ என்று எழுதியிருக்கும். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது என்றைக்காவது அதைத் திறந்துவிட்டு, இது என்ன முறை, எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று தேடுவீர்கள். தேட வேண்டாம். அதற்கு அர்த்தம் முட்டை.

இந்த வேலைக்கு வருமுன் மூன்று வருடம் ஒரு நாளிதழில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், வயது, வீட்டுப்பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மறுநாள் காலை ஒரு குடும்பமே அலுவலக வாசலில் நிற்கும். எண்பத்திரண்டு வயதுக்காரரை இருபத்தெட்டில் கொன்றுவிட்டு, அவருடைய மூத்த மகனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மகனுக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் கோபப்படவில்லை, அப்பா இறந்தபோது தனக்கு வயது என்ன என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், திருவனந்தபுரத்தில் இறப்பவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள். மீதிப்பேர் அவர்களுடைய மனைவிமார்கள். தம்பானூர் லாட்ஜில் தட்டு கழுவுகிறவர் சாவதே இல்லை. வீட்டுப்பெயர் இல்லாதவருக்கு மரணமும் இல்லை. அறிவிப்பு கொடுக்கிறவர்கள்தானே பக்கத்தில் வருவார்கள் என்று நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்போம். பல வருடம் கழித்து அதே தவறை நானே செய்தேன். கணினியில் செய்ததால் பாராட்டும் கிடைத்தது.

நம்முடைய தொழில் கடைசியில் ஒரு வகுத்தல்தான். மேலே நோயுற்றவர்கள், அல்லது இறந்தவர்கள். கீழே, அவர்கள் எந்த மக்களிடையே இருந்து வந்தார்களோ அந்த மக்கள். மேலே இருப்பவர்கள் தாமாகவே நம்மிடம் வந்துவிடுவார்கள். மருந்துச்சீட்டோடு வருவார்கள், ஆம்புலன்ஸில் வருவார்கள், சிலர் சான்றிதழாக வருவார்கள். கீழே இருப்பவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள், நம்மிடம் அவர்களுக்கு என்ன வேலை? நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். நான் போய்ப் பார்க்கவில்லை.

நடந்தது இது. விழிஞ்ஞம் போகும் சாலையில் ஒரு பகுதி; பெயர் வேண்டாம். அங்கே பெரிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் வேலை செய்கிறவர்கள் தகர ஷெட்டுகளில் தங்கியிருந்தார்கள். ஷெட்டுக்கு வீட்டு எண் கிடையாது. வீட்டு எண் இல்லாத வரியை எங்கள் மென்பொருள் ஏற்காமல் சிவப்பு காட்டும். அதனால் அதற்கு முந்தைய வருடம் நான் மக்கள்தொகைப் பட்டியலைச் ‘சுத்தம்’ செய்தபோது, ஷெட் என்று இருந்த வரிகளையெல்லாம் நீக்கினேன். சிவப்பு போனது. மாதாந்தரக் கூட்டத்தில் எங்கள் பட்டியலைக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. அந்தப் பகுதியில் ஒரே வாரத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்று ஷிபு அனுப்பினான். ஷிபு அங்கே சுகாதார ஆய்வாளர். வீடுவீடாக நடக்கிற நல்ல பையன். என் பட்டியலில் அந்தப் பகுதியின் மக்கள்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு. வகுத்தேன். நூற்றுக்குப் பதினெட்டு. சுற்றியிருந்த எந்தப் பகுதியும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டவில்லை. கட்டத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்து மேலே அனுப்பினேன்.

எங்கள் மேலதிகாரியை டாக்டர் என்றே சொல்கிறேன். நல்லவர். ஆனால் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் அவரால் இருக்க முடியாது.

“மேடம், நூற்றுக்குப் பதினெட்டு, கேட்டோ! அஞ்சுபேர்ல ஒருத்தன்! அங்கே எல்லாரும் ஒண்ணா சாப்பிடற இடம் ஏதெங்கிலும் உண்டா?”

தொலைபேசியில் ஷிபுவின் குரல் வந்தது. “ஒரு மெஸ் உண்டு சார். பேச்சியக்கா மெஸ். பட்சே சார், அது நல்ல விருத்தியுள்ள, சுத்தமான இடம்…”

“விருத்தியை நாம நாளைக்குப் பார்க்கலாம். பதினொரு மணி. சீல்.”

உணவுப் பாதுகாப்பு ஆட்களுக்குக் கடிதம் பத்து நிமிடத்தில் தயாரானது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் பத்து நிமிடத்தில் தயாரானது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து எனக்கே போன் செய்தார்.

“சேச்சி, முப்பத்தெட்டா? இப்போ படுத்துக் கிடக்கிறது எத்தனை?”

“இப்போ பதினொன்று. இந்த வாரம் புதிதாக வந்தது முப்பத்தெட்டு. இரண்டும் வேறுவேறு.”

“முப்பத்தெட்டு மதி, அது போதும். மரணம்?”

“பூஜ்யம்.”

“ஓ,” என்றார். அந்த ஓ-வில் இருந்த ஏமாற்றம் எனக்குப் பழக்கமானது. நானும் அந்த மேசையிலிருந்து வந்தவள்தானே. பிறகு யோசித்தால், அன்றைக்கு எங்கள் தாளில் சரியாக இருந்த பூஜ்யம் அது ஒன்றுதான்.

தலைப்பு போட்டு முடித்த பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பது மரணப் பக்கத்தில் பிடித்த பழக்கம். மூன்றரை மணி டீயோடு முப்பத்தெட்டுப் பேர் பட்டியலைப் படித்தேன். முகவரிப் பத்தியில் முதல் ஐந்து பேருக்கு வீட்டு எண் இருந்தது. ஆறாவது பெயருக்கு எதிரே ‘ஷெட்’. ஏழாவதுக்கும் ஷெட். கடைசிவரை ஷெட்.

மக்கள்தொகைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஷெட்டில் வசிப்பவர்கள்: பூஜ்யம். அதாவது, என் கணக்கின்படி, ஆளே இல்லாத இடத்தில் முப்பத்து மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு.

டீ ஆறிப்போனது.

உடனே டாக்டரிடம் போய்த் தவறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும்: “அப்போ சரி எது?” அது என்னிடம் இல்லை. வெறும் ‘தவறு’ என்ற சொல் ஒரு சிவப்புக் கட்டத்தை அசைக்காது. இன்னொரு எண்தான் அசைக்கும். பத்திரிகையிலும் அப்படித்தான். ‘நேற்று வெளியானது பிழை’ என்று மட்டும் போட்டால் யாரும் விடமாட்டார்கள். அந்த எண் மறுநாள் பதினொரு மணிக்குள் வேண்டும். நாலரைக்கு ஷிபுவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன்.

மேற்பார்வையாளரிடம் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன்.

“நூற்றிப்பத்துப் பேர், மேடம்,” என்றார், கண் இமைக்காமல். அவர் பின்னால் கொடிக்கயிற்றில் குறைந்தது இருநூறு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

வாசல் காவலரிடம் கேட்டேன். “ஒரு ஆயிரம் பேர் வரும்,” என்றார். அவர் ஒவ்வொருவரையும் காலையும் மாலையும் பார்க்கிறவர். இரண்டு தடவை எண்ணியிருக்கலாம்.

நூற்றிப்பத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் நின்றபோது ஷிபு சொன்னான். “மேடம், பேச்சியக்காகிட்ட கேக்கலாம். ஆனா ஒரு காரியம். நான் அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட பட்டியலை அக்காவுக்கு வாட்ஸாப்ல அனுப்பிப்போயி.”

“எதற்கு?”

“கவனமா இருக்கச் சொல்ல.”

மெஸ் என்பது ஆறு ஷெட்டுகளுக்கும் முன்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு பெரிய சட்டுவத்தோடு நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். பதினாலு வருடம் முன்பு சித்தாள் வேலைக்கு வந்து, பிறகு சமையலுக்கு மாறியவள்.

“ஷிபு தம்பி, இவுகதான் செவப்பு போட்டவுகளா?”

ஷிபு வானத்தைப் பார்த்தான்.

“நான்தான்,” என்றேன்.

“நல்லா போட்டிய. தூரத்துல இருந்து பாத்தாலே தெரியுது. அம்மா, நாளைக்குப் பூட்டிட்டியன்னா நாளன்னைக்கு இந்த அடுப்புல வேற ஆளு நிப்பான். மேஸ்திரியோட மச்சினன் ரெண்டு வருசமா காத்துக் கெடக்கான். ஒரு வாரம் கழிச்சி ‘பேச்சி மேல தப்பில்ல’ன்னு தாள் கொண்டுவந்து யாருகிட்ட குடுப்பிய? பஸ் ஸ்டாண்டுலயா?”

நான் என் கேள்வியைக் கேட்டேன். “இங்கே எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்?”

“மேற்பார்வைக்காரரு என்ன சொன்னாரு?”

“நூற்றிப்பத்து.”

பேச்சியம்மாள் சிரித்ததில் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் நிமிர்ந்தார்கள். “நூத்திப்பத்துப் பேருக்கா தெனமும் பதினாலு அட்ட முட்ட?”

அப்போதுதான் பார்த்தேன். கொட்டகையின் பின்னால், முட்டை வரும் சாம்பல் நிற அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக.

“மத்தியானச் சோத்துக்குத் தலைக்கு ஒரு முட்ட. பாதி முட்ட வெக்கமாட்டேன், இது என்ன ஆஸ்பத்திரியா? ரெண்டாவது கேட்டா கையில சட்டுவம் இருக்கு. முட்ட திங்காதவனுக்கு ஒரு பழம். அது பன்னெண்டு பேரு.”

“மிச்சம் வராதா?”

“மிச்சம் வெச்சா நான் எப்படிச் சமையக்காரி? இன்னைக்கு ரெண்டு ஒடஞ்சிட்டு. அம்புட்டுத்தான்.”

கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். முட்டையைக் கையால் தொட்டதில்லை. அன்று ஐந்தரை மணிக்கு அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்து எண்ணினேன். பதினாலு. முந்தைய நாள் அட்டைகள் கலந்திருக்குமோ என்று கேட்டேன். அவற்றைக் காலையில் முட்டை வண்டிக்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுகிறார். “ஓடும் எண்ணணுமா மேடம்?” என்று ஷிபு கேட்டான். அவன் கேலி செய்கிறானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அட்டைக்கு முப்பது வீதம் நானூற்றிருபது. உடைந்த இரண்டைக் கழித்தால் நானூற்றுப் பதினெட்டு. பழக்காரர்கள் பன்னிரண்டு. நானூற்று முப்பது பேர்.

“இவ்வளவுதானா? இங்கே சாப்பிடாதவர்கள் யாராவது?”

“ஆறாம் ஷெட்டு. வடக்கத்திப் பிள்ளைய. நம்ம சாம்பாரு அவுகளுக்கு ஆகாது. கடுகெண்ண வாங்கி அவுகளே பொங்கிக்கிடுவாக. நல்ல பிள்ளைய, ஆனா ஒரு வாய் ரசம் குடிக்கமாட்டானுவ.” அதில்தான் அவளுக்கு உண்மையான வருத்தம் என்று தோன்றியது.

ஆறாம் ஷெட்டில் முட்டை உதவாது. தலைகளையே எண்ணினோம். அறுபத்திரண்டு. பிறகு ஷிபு தன் கைநோட்டை எடுத்தான். என் கணினி வெறும் ‘ஷெட்’ என்று சுருக்கிவிட்ட இடத்தில், அவன் கையெழுத்தில் ஷெட் எண் இருந்தது. முப்பத்து மூன்று நோயாளிகளில் இருபத்து நாலு பேர் ஆறாம் ஷெட். பேச்சியம்மாள் கையால் ஒரு பருக்கை சாப்பிடாதவர்கள்.

இப்போது இரண்டு வகுத்தல். சாப்பிடாத அறுபத்திரண்டு பேரில் இருபத்து நாலு: ஐந்தில் இரண்டு பேர். சாப்பிட்ட நானூற்று முப்பது பேரில் ஒன்பது: நூற்றுக்கு இரண்டு. மெஸ்ஸில் சாப்பிடுவதுதான் அங்கே பாதுகாப்பாக இருந்தது.

“அந்த ஒன்பது பேர்?” என்று நானே கேட்டுக்கொண்டேன். பிடிக்காத எண்ணை விட்டுவிடக் கூடாது என்று அன்று மதியம்தான் கற்றிருந்தேன். ஷிபு போய் விசாரித்தான். ஒன்பதில் ஆறு பேர் சாயங்காலம் ஆறாம் ஷெட்டுக்குக் கேரம் விளையாடப் போகிறவர்கள். விளையாட்டு நடுவில் தாகம் எடுக்கும். அங்கே இருக்கிற குடத்தில் மொண்டு குடிப்பார்கள். குடத்துத் தண்ணீர் எங்கிருந்து என்று பின்தொடர்ந்தோம். கான்கிரீட் தளத்தை நனைக்கிற ரப்பர் குழாயிலிருந்து. குழாய் செருகியிருந்த பைப்பிலிருந்து பத்தடி தூரத்தில் கழிப்பறைக் குழி. மெஸ்ஸில் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். இங்கே கட்டடத்துக்கும் ஆட்களுக்கும் ஒரே குழாய்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார். “ஏண்டி, நம்மாத்துல முட்டைன்னு சத்தமாச் சொன்னாலே பக்கத்தாத்துல ஜன்னலைச் சாத்துவா. நீ பதினாலு அட்டை எண்ணிட்டு வந்திருக்கே. குளிச்சியோ?”

மறுநாள் டாக்டரின் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். அலுவலகத்தில் சொல்லியிருந்தால் இன்னொரு கூட்டம் போட்டிருப்பார். செய்தியாளர் முன்னால் சொல்லியிருந்தால் பின்வாங்க முடியாமல் முத்திரை வைத்தே தீர்ந்திருப்பார். ஜீப்பில் இருபது நிமிடம் இருந்தது. “சார், நேற்றைய கணக்கு தவறு. நான் போட்ட கணக்கு. ஷெட் ஆட்களை மேலே சேர்த்தோம், கீழே சேர்க்கவில்லை. கீழே அவர்களை நீக்கியதும் நான்தான்,” என்றேன்.

நான் எதிர்பார்த்ததே வந்தது. “அப்போ சரி எது?”

சொன்னேன். இரண்டு வகுத்தலையும் தாளில் காட்டினேன்.

“நானூற்று முப்பதுக்கு சோர்ஸ்?”

“முட்டை, சார்.”

டிரைவர் பிரேக்கைத் தேவைக்கு அதிகமாக அழுத்தினார்.

“மேடம், நான் கலெக்டருக்கு எழுதணும். ‘முட்டை’ன்னு எழுதினா என்னை எங்கே அனுப்புவாங்க தெரியுமோ? மலையோரத்து வித்துரா கூட இல்லை. அதுக்கும் மேலே, காட்டுக்குள்ளே.”

கட்டடம் வரும்வரை ஒரு வார்த்தைக்காகப் பேரம் நடந்தது. அவர் ‘கள ஆய்வு’ என்றார். அது பொய்யாகிவிடும் என்றேன். நான் ‘சமையலறைத் தகவல்’ என்றேன்; அது கிசுகிசு மாதிரி இருக்கிறது என்றார். ‘உணவு விநியோக அடிப்படையிலான மதிப்பீடு’ பிறந்தது கோவளம் திருப்பத்தில்.

வாசலில் உணவுப் பாதுகாப்பு ஆள் அரக்கை உருக்கித் தயாராக வைத்திருந்தார். செய்தியாளர் கேமராவோடு. பேச்சியம்மாள் சட்டுவம் இல்லாமல், கைகட்டி. கொஞ்சம் தள்ளி, சலவைச் சட்டையில் ஒருவன் மெஸ்ஸின் அடுப்புகளை அளவெடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சினனாகத்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் இறங்கி, மெஸ்ஸைத் தாண்டி, நேராக ஆறாம் ஷெட்டுக்குப் பின்னால் நடந்தார். குழியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இதை மூடு.”

“சார், அரக்கு?” என்றார் உணவுப் பாதுகாப்பு ஆள். உருக்கியதை வீணாக்க அவருக்கு மனமில்லை.

“இதுக்கே வை.”

அப்படித்தான் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு, துணி சுற்றி, நூல் கட்டி, அரசாங்க முத்திரை வைக்கப்பட்டது. மறுநாள் படம் வந்தது. நாலு அதிகாரிகள் ஒரு குழாயைச் சுற்றி, துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றோம். ஆறாம் ஷெட்டுக்குக் குடிதண்ணீரும் மெஸ்ஸிலிருந்து போகட்டும் என்று டாக்டர் சொன்னார். “ரசமும் குடுக்கட்டா சார்?” என்றாள் பேச்சியம்மாள்.

புறப்படும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். “மொத்தம் எத்தனன்னு எழுதினிய?”

“ஷெட்டுக்காரர்கள் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.”

விரல் மடக்கி எதையோ சரிபார்த்தாள். “அதுல நான் இருக்கேனா?”

“நீங்கள் எங்கே தங்குகிறீர்கள்?”

“இங்கதான், அடுப்புக்குப் பின்னால. நானும் இந்த மூணு பொண்ணுகளும்.”

“தலைக்கு ஒரு முட்டை என்றீர்களே, நீங்கள் சாப்பிடவில்லையா?”

“ஒடஞ்சதுதான் எங்களுக்கு. நேத்து ரெண்டு ஒடஞ்சிட்டுன்னேம்லா, அத ஆம்லேட்டு போட்டு நாலு பேரும் தின்னோம்.”

அந்த இரண்டைத்தான் நான் சேதம் என்று கழித்திருந்தேன்.

திங்கட்கிழமை திருத்தத்தோடு டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “மேடம், இதனால மொத்த விகிதம் மாறுமோ?”

“இல்லை சார். பழைய எண்ணிலும் நூற்றுக்கு ஐந்து புள்ளி நாலு. புதியதிலும் அதேதான்.”

“பின்னே எதுக்கு?”

நாளிதழில் திருத்தம் போடும் பழக்கம், சார் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளும் கோப்பில்தான் இருக்கிறது. 492 என்பதை 496 என வாசிக்கவும் என்று ஒரே வரி. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, நடந்ததையே எழுதினேன்: ‘சமைத்தவர்கள் விடுபட்டிருந்தனர்.’